அடுத்த லென்ஸை உங்கள் பழைய படங்களிடம் கேளுங்கள்

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை வைத்து ஒரு வருடம் ஓட்டியவர்கள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: அடுத்து எந்த லென்ஸ் வாங்குவது? என்னிடம் யார் கேட்டாலும், இப்போது எடுக்கிற படங்களில் எது திருப்தியாக வரவில்லை என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் "பின்னாடி நல்லா பிளர் ஆகணும்", "இன்னும் கொஞ்சம் ஜூம் வேணும்" என்பதோடு பதில் முடிந்துவிடும். பத்தாயிரம், இருபதாயிரம், சில சமயம் ஒரு லட்சம் வரை போடப்போகிற விஷயத்துக்கு இது போதாது. சரியான பதில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது, எடுத்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

கடைசி ஆறு மாதத்தில் எடுத்ததில் உங்களுக்கே பிடித்த நூறு படங்களை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து விவரங்களைத் திறந்தால் ஃபோக்கல் லெங்த் (லென்ஸ் எவ்வளவு கிட்டே இழுத்துக் காட்டுகிறது என்ற மி.மீ. எண்), அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்), ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது) என்று எல்லாம் இருக்கும். ஒரு நோட்டில் ஃபோக்கல் லெங்த்தையும் ஐ.எஸ்.ஓ.வையும் மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். பாதிக்கு மேல் 55-ல் முட்டி நிற்கிறது என்றால் உங்களுக்கு இன்னும் நீளமான லென்ஸ் தேவைப்படுகிறது. பெரும்பாலும் 25-க்கும் 40-க்கும் நடுவில் விழுந்து, ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏறிக்கிடக்கிறது என்றால் நீளம் போதும், வெளிச்சத்தை உள்ளே விடுகிற லென்ஸ்தான் இல்லை. எல்லாம் 18-லேயே நிற்கிறதா? கொஞ்சம் பொறுங்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது இன்னொரு ஃபோல்டர். எடுக்கும்போது ஆசையாக எடுத்து, பெரிதாக்கிப் பார்த்ததும் மனசு விட்டுப்போன படங்கள் எல்லாம் இதில் போகட்டும். முதல் ஃபோல்டரைவிட இதுதான் அதிகம் கற்றுத்தரும், இதைப் பொறுமையாகப் பாருங்கள்.

எது கெட்டது என்று கண்டுபிடிப்பது

படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். 'தெளிவில்லை' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் நாலு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன, நாலுக்கும் மருந்து வேறு. படம் முழுக்க, சுவரும் மரமும் ஆளும் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், சின்ன விளக்குப் புள்ளி கூட குட்டிக் கோடாக நீண்டிருந்தால், ஆடியது உங்கள் கை. சுவர் நன்றாக இருக்கிறது, ஆடுகிற குழந்தையின் கை மட்டும் கரைந்திருக்கிறது என்றால் ஷட்டர் வேகம் அந்த அசைவுக்குப் போதவில்லை. ஆளின் கண் மங்கலாக இருந்து, காதோ புடவைக் கரையோ பின்னால் இருக்கிற கதவின் தாழ்ப்பாளோ பளிச்சென்று இருந்தால் ஃபோக்கஸ் வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நாலாவது, தூரத்துப் பொருள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளிந்து தெரிந்தால் அது கானல். அதற்கு எந்த விலை லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதை நான் கற்றது வேடந்தாங்கலில். முதலில் வாங்கிய 70-300 லென்ஸில் ஆட்டம் தாங்கும் வசதி இல்லை, விலை குறைவு என்று ஒரு கடையில் எடுத்துக் கொடுத்தார்கள், எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை. ஜனவரி மாதம், விடிந்து கொஞ்ச நேரம்தான், ஏரிக்குள் நிற்கிற மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, நான் கரையில் நின்று இருநூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்துகூடத் தேறவில்லை. லென்ஸே மோசம், விற்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விவரங்களைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது, ஐ.எஸ்.ஓ.வை 400-லேயே வைத்துவிட்டு 300 மி.மீ.யில் நொடிக்கு 125-ல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்திருக்கிறேன். கையில் பிடித்து எடுக்க ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஃபோக்கல் லெங்த்தை உங்கள் சென்சாரின் கிராப் எண்ணால் பெருக்குங்கள் (ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சாரைவிட உங்களுடையது எத்தனை மடங்கு சிறியது என்ற கணக்கு; ஏ.பி.எஸ்.சி. என்கிற சிறிய சென்சார் வைத்த நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் 1.5, கேனனில் 1.6), வருகிற எண்ணில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஷட்டர் வேண்டும். 300-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 450, அதாவது 1/500. நான் வைத்திருந்தது அதில் கால்வாசி வேகம். அடுத்த வாரம் அதே லென்ஸ், அதே கரை, ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 1/500, முழங்கையைக் கம்பித் தடுப்பில் ஊன்றிக்கொண்டு எடுத்தேன். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பையின் மடிப்பு வரைக்கும் தெரிந்தது. கொஞ்சம் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான கரகரப்பு) இருந்தது, இருக்கட்டும். நாய்ஸைப் பின்னால் குறைக்கலாம், ஆடின படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அன்றைக்கே இன்னொன்றும் கவனித்தேன். ஏழு மணிக்கு எடுத்த படங்கள் தெளிவு, ஒன்பதரைக்கு மேல் எடுத்ததெல்லாம் சொதசொதவென்று. கை ஆட்டம் இல்லை, ஃபோக்கஸ் சரி, ஆனாலும் இறகின் ஓரங்கள் நெளிந்திருந்தன. வெயில் ஏறி தரை சூடாகி காற்று மேலே எழும்ப ஆரம்பித்துவிட்டால் நூறு மீட்டர் தள்ளி இருக்கிற பறவையை எவ்வளவு நல்ல லென்ஸாலும் தெளிவாக எடுக்க முடியாது. லட்ச ரூபாய் 150-600 வாங்கியும் 'ஷார்ப் வரலை' என்று வருத்தப்படுகிற நிறைய பேருக்குப் பிரச்சனை இதுதான். சீக்கிரம் போங்கள், கிட்டே இருக்கிற பறவையை எடுங்கள்.

சரி, எந்த லென்ஸ்

பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது லென்ஸாக நான் சொல்வது எஃப் 1.8 பிரைம் (எஃப் எண் சின்னதாக ஆக, துவாரம் பெரிதாகத் திறக்கும்). ஜூம் ஆகாது, விலை குறைவு, வெளிச்சம் அள்ளும். கிட் லென்ஸ் 55-ல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, எஃப் 1.8 அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ. 6400-ல் எடுக்க வேண்டிய சாயங்கால வீட்டுப் படத்தை 800-க்குள் எடுத்துவிடலாம். இந்த ஒரு மாற்றம் தருகிற சந்தோஷத்தை வேறு எந்த லென்ஸும் அந்த விலைக்குத் தராது.

ஆனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது 50. கிராப் சென்சாரில் அது 75, 80 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும், அதை நம் வீட்டு அறைக்குள் வைத்துப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் 50-ல் உயரவாக்கில் ஏறக்குறைய நாலரை அடிதான் விழும், அதாவது நிற்கிற ஆள் முழுசாக வர மாட்டார். பின்னால் போகலாம் என்றால் முதுகு பீரோவில் இடிக்கும். அதே இடத்திலிருந்து 35 மி.மீ. ஏறக்குறைய ஆறரை அடியைப் பிடிக்கும், ஆள் தலையிலிருந்து கால்வரை அடங்கிவிடுவார். வீட்டு விசேஷம், குழந்தைகள், சமையல்கட்டில் அம்மா, தெரு என்று எடுப்பவர்களுக்குக் கிராப் கேமராவில் 35-தான் சரி. ஒரு ஆளை உட்கார வைத்து முகமாக எடுக்க, மேடைக்கு முன்வரிசையில் இருந்து எடுக்க 50. ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தள்ளிப்போகும், அவர்களுக்கு 50 வீட்டுக்குள்ளும் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-ல் வைத்து, அசையாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒட்டு பிசுபிசுக்காத பேப்பர் டேப் நல்லது. இரண்டு வாரம் அதை மட்டும் வைத்து எடுங்கள், அப்புறம் 50-ல் ஒட்டி இரண்டு வாரம். எதில் கை தானாகப் பழகுகிறதோ அதை வாங்குங்கள். இதில் லாபம் இன்னொன்றும் உண்டு. ஜூம் திருப்ப முடியாது என்றதும் கால் நகர ஆரம்பிக்கும், குனிவோம், பக்கவாட்டில் போவோம், பின்னால் இருக்கிற கம்பம் தலையிலிருந்து முளைப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

பிரைம் வந்த முதல் வாரம் எல்லோரும் செய்கிற தப்பு, எல்லாவற்றையும் எஃப் 1.8-லேயே எடுப்பது. 50 மி.மீ.யில் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அதாவது கண்ணில் ஃபோக்கஸ் விழுந்தால் மூக்கு நுனி மங்கிவிடும், முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் இன்னொரு கண்ணே போய்விடும், மூச்சு விடும்போது நீங்கள் ஒரு அங்குலம் முன்னால் சாய்ந்தாலும் போச்சு. எஃப் 2.8 வையுங்கள், இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், பின்னணியை ஆளுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். சுவரை ஒட்டி நிற்கிறவரைத் தெரு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாலே பாதி பிளர் தானாக வந்துவிடும்.

நீளம் வேண்டும் என்று முதல் ஃபோல்டர் சொல்லியிருந்தால் 55-250 அல்லது 70-300 வகை. இதில் ஒரே நிபந்தனை, ஆட்டம் தாங்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். கேனனில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர்., டாம்ரானில் வி.சி., சோனியில் ஓ.எஸ்.எஸ். என்று பெயரிலேயே இருக்கும். கேமரா பாடிக்குள்ளேயே அந்த வசதி இருப்பவர்கள் கொஞ்சம் தளரலாம். இது கை ஆட்டத்தை மட்டும்தான் தாங்கும் என்பதை மறக்காதீர்கள், பறக்கிற கொக்கை அது நிறுத்தாது. அதற்கு 1/1600, 1/2000 வேண்டும். நடக்கிற ஆளுக்கு 1/250, பரதநாட்டியத்துக்கு 1/500 என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

150-600 மாதிரி பெரிய லென்ஸ்களை வாங்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், சென்னையிலும் கோவையிலும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் கனம், அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்த பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம். சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) ஒரு நிறுவனத்தின் பாடி, இன்னொன்றின் டெலி லென்ஸ் என்று பல பாகங்களைத் தானே கோத்துக் கட்டிய கேமராவால்தான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். யானை எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு கிட்டே போகலாம் என்ற அறிவு ஒவ்வொரு படத்திலும் தெரியும்.

18-லேயே நிற்கிறவர்களுக்கு: வைட் லென்ஸ் வாங்குமுன் அந்தப் படங்களின் ஓரங்களைப் பாருங்கள். ஓரத்தில் காலி வானமும் காலித் தரையும்தான் அதிகம் என்றால் நீங்கள் இரண்டடி முன்னால் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். நிஜமாகவே இடம் போதாமல் சுவரோடு ஒட்டி நின்று எடுக்கிறீர்கள், வீட்டு உள்பக்கம், மண்டபம், மலைக்காட்சி என்று எடுக்கிறீர்கள் என்றால் 10-18 மாதிரி ஒன்று பயன்படும். குடும்பக் குரூப் போட்டோவை மட்டும் அதில் எடுக்காதீர்கள், ஓரத்தில் நிற்கிற சித்தியும் மாமாவும் அகலமாக இழுபட்டுப்போவார்கள், அந்தப் படத்தை அவர்கள் பிரேம் போட்டு மாட்டப்போவதில்லை.

மேக்ரோ பற்றிச் சுருக்கமாக. ஜூம் லென்ஸின் மேல் மேக்ரோ என்று எழுதியிருந்தாலே அது மேக்ரோ ஆகாது, ஒன்றுக்கு ஒன்று அளவில் (பொருள் அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுவது) எடுக்கிறதா என்று பாருங்கள். எறும்பு, பூவின் மகரந்தம் என்று ஆசை வந்தால் கையில் இருக்கும் 50-க்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும் வெற்றுக் குழாய்) போட்டுப் பழகிவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

கை பழக வேண்டியவை

வெளிச்சத்தைப் பார்க்கப் பழகுவதுதான் முதல் வேலை, அதற்கு வீட்டு வாசல் போதும். காலை பத்து மணிக்கு வெளியே வெயில் கொளுத்தும்போது யாரையாவது வாசல்படிக்கு உள்ளே இரண்டடி தள்ளி நிற்கவைத்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் வெளியிலிருந்து எடுங்கள். முகத்தில் மென்மையான வெளிச்சம் விழும், பின்னால் வீட்டின் இருட்டு. கண்ணுக்குள் வாசலின் உருவம் சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரியும், அது தெரிந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். அப்புறம் அவரை ஒரு அடி உள்ளே, இன்னும் ஒரு அடி உள்ளே என்று நகர்த்தி எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் நிழல் எப்படி ஆழமாகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால், எந்தத் தெருவில் நின்றாலும் முதலில் கண் தேடுவது இப்படி ஒரு இடத்தைத்தான்.

அடுத்தது, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அந்தப் பிளஸ் மைனஸ் பொத்தான். கேமராவுக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பலாக்கப் பார்க்கும். கருங்கல் சிலையைக் கிட்டப் போய் எடுத்தால் அது வெளுத்துச் சாம்பலாக வரும், மைனஸ் 1 வைத்தால் கல் கல்லாக இருக்கும். வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் நிற்கிற படம் அழுக்காக வரும், பிளஸ் 0.7 வையுங்கள். இருண்ட தண்ணீருக்கு எதிரே நிற்கிற வெண்கொக்குக்கு மைனஸ், அதே கொக்கு வெளுத்த வானத்துக்கு எதிரே பறந்தால் பிளஸ். எதிரே நடப்பதைப் பார்த்து எடுப்பதற்கு முன்னாலேயே கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்குப் போக வேண்டும், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் பற்றிக் கவலைப்படாமல் இருக்க, அபர்ச்சர் மோடில் போட்டு ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை இயக்குங்கள். அதன் மெனுவுக்குள் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்கும், ஆட்களை எடுக்கும்போது அதை 1/250-ல் வையுங்கள். உச்ச ஐ.எஸ்.ஓ. 6400. இதைச் செய்துவிட்டாலே இரண்டாவது ஃபோல்டரில் விழும் படங்கள் பாதியாகக் குறையும். ஃபோக்கஸ் புள்ளியைக் கேமராவின் இஷ்டத்துக்கு விடாமல் ஒரே புள்ளியாக்கி கண்ணில் வையுங்கள். கேமராவிலேயே கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் தயங்காமல் அதையே நம்பலாம்.

தெருவில் அந்நியரை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். மயிலாப்பூர் மாடவீதியில் பூக்கட்டுகிற ஒரு அம்மாவிடம், "அம்மா, நீங்க கட்டுறதை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "மூஞ்சி வேணாம், கையை எடுத்துக்கோ" என்றார். அப்படித்தான் எடுத்தேன், 35 மி.மீ., எஃப் 2.8, அவர் தலைக்கு மேல் தொங்கிய ஒற்றை பல்பு வெளிச்சம்: வாழைநார், ஈர விரல், பாதி கட்டிய மல்லிகைச் சரம். நாலுக்கு ஆறில் ஒரு பிரதி போட்டு அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த வரிசையில் எல்லோரும் என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறார்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதும், இருப்பதைக் காப்பாற்றுவதும்

செகண்ட் ஹேண்டில் வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் நேரில் பார்த்து வாங்குங்கள். முதலில் உங்கள் கேமராவில் அது முழுசாக வேலை செய்யுமா என்று பாருங்கள். நிக்கான் 50 எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குள் மோட்டார் கிடையாது, டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஆட்டோஃபோக்கஸ் ஆகாது. கேனனின் பழைய இ.எஃப். லென்ஸை அடாப்டர் போட்டுப் புதிய ஆர்.எஃப். மிரர்லெஸ்ஸில் பயன்படுத்தலாம், ஆர்.எஃப். லென்ஸைப் பழைய டி.எஸ்.எல்.ஆரில் மாட்டவே முடியாது.

அப்புறம் செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். கடைசியாக ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கல் என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தப் பூஞ்சைதான் பெரிய எதிரி, அதுவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. லெதர் பைக்குள், துணி பீரோவுக்குள் லென்ஸை வைக்கவே வைக்காதீர்கள். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று போதும், முள் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறுதீயில் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். எல்லாவற்றையும்விட நல்லது, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் எடுப்பது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் கண்ணாடியில் ஈரம் படியும், ஜிப் கவரில் போட்டு மூடி அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

மெரினாவிலோ காசிமேட்டிலோ எடுத்துவிட்டு வந்தால் முன் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உப்பும் மணலும் இருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் அந்த மணலே கீறிவிடும். முதலில் ரப்பர் பம்பால் ஊதுங்கள், அப்புறம் மெல்லிய பிரஷ், அப்புறம் லென்ஸ் துணியில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக. திரவத்தை நேராகக் கண்ணாடியில் விடாதீர்கள், விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.